கைக்குழந்தையோடு மலையேறும் முதல் நீண்ட பயணம்: கொழும்பிலிருந்து ஊர் வரை

கொழும்பில் வேலை செய்யும் மலையகத்து இளம் குடும்பங்களுக்கு முதல் நீண்ட பயணம் எது என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்து சில மாதம் போனதும் ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "புள்ளைய எப்ப கூட்டிக்கிட்டு வாறீங்க?" என்று அம்மாயி கேட்பார், அப்பாயி கேட்பார், அடுத்த லயத்து அக்காவும் கேட்பார். தைப்பொங்கல், தோட்டத்து அம்மன் திருவிழா, தீபாவளி என்று ஏதாவது ஒரு நாள் குறிக்கப்படும்.

நாம் தனியாகப் போய் வந்த பாதைதான். ஆனால் கைக்குழந்தையோடு போகும்போது அதே பாதை வேறு கணக்குக் கேட்கிறது. இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை இரண்டு விஷயம். வண்டி ஓடும்போது பிள்ளை மடியில் இருக்கக் கூடாது, தன் ஆசனத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, பயணத்தைக் கிலோமீற்றரில் அளக்காமல் பிள்ளையின் பால் நேரத்தையும் தூக்க நேரத்தையும் வைத்துத் துண்டு போட வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்தும் வருபவைதான்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு கலண்டரை

அவசரம் எதுவும் இல்லையென்றால் முதல் நீண்ட பயணத்தை 3 மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் கழுத்து ஓரளவு நின்றுவிடும். பால் குடிக்கும் நேரமும் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கும். தாயின் உடம்பும், குறிப்பாக சிசேரியன் என்றால், ஆறு மணி நேரம் உட்கார்ந்து வரத் தாங்கும். 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடுவழியில் அப்படி ஆனால் என்ன செய்வது என்று யோசித்தாலே காத்திருப்பதன் நியாயம் புரியும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, மூச்சு சம்பந்தமான தொல்லை இருந்த பிள்ளை என்றால், வைத்தியரிடம் கேட்காமல் நாள் குறிக்க வேண்டாம்.

தடுப்பூசித் திகதியையும் பாருங்கள். நம் நாட்டு அட்டவணைப்படி 2, 4, 6 மாதங்களில் ஊசி உண்டு, 9 மாதத்தில் எம்எம்ஆர். ஊசி போட்ட நாளும் அடுத்த நாளும் பிள்ளைக்குக் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். எம்எம்ஆருக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் தலைகாட்டலாம். வயிற்றோட்டம், காதுவலி, மூக்கு அடைக்கும் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உயரம் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர். மலை உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் கவலை தருவது. நம் நாட்டில் அந்த உயரத்தைத் தொடுவது 2,524 மீற்றர் பிதுருதலாகலை உச்சி மட்டுமே. ஆகவே ஆரோக்கியமான பிள்ளைக்கு உயரம் பிரச்சினை இல்லை. குளிரும் வளைவுகளும்தான் நாம் கவனிக்க வேண்டியவை.

எந்த மாதம், எந்த நேரம்

மலையின் இரண்டு பக்கத்துக்கும் மழை வேறு வேறு காலத்தில் வருகிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கனமழை. இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு வசதியான காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பகல் வெயில் இதமாக இருக்கும், ஆனால் இரவில் நடுங்க வைக்கும். அந்த மாதங்களில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுவதும் உண்டு. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா வீதி முழுக்க வாகனம். பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நிற்பது வீண் பாடு, ஏப்ரல் முதல் மூன்று வாரத்தை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலும் மண்சரிவுகளும் மலைநாட்டில் செய்த அழிவை நாம் யாரும் மறக்கப் போவதில்லை. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் இரவும் அன்று காலையும் இரண்டு அறிவிப்பைப் பாருங்கள்: வானிலை அறிவிப்பு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. இது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ வந்திருந்தால் பயணம் வேண்டாம். மஞ்சள் என்றாலும், கைக்குழந்தை இருக்கும்போது நான் தள்ளிப்போடுவேன். திருவிழா அடுத்த வருடமும் வரும். பாதை திறந்திருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம், ஊரில் உள்ளவர்களிடமும் கேட்கலாம். அன்று காலை அந்தப் பாதையால் வந்த பஸ் டிரைவரின் சொல்லுக்கு மிஞ்சியது இல்லை.

நேரம்: மலைப்பகுதியை வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுங்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை, கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். இரண்டும் இருட்டில். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மிஸ்ட் இறங்குவதும், மார்ச் - ஏப்ரல், ஒக்டோபர் - நவம்பர் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடிமழை பிடிப்பதும் வழக்கம். எனவே சமதரையை இருட்டில் கடந்து, விடிந்த பிறகு மலையேறி, மதியத்துக்குள் வீடு சேர வேண்டும்.

எந்தப் பாதை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போகிறவர்களுக்கு அவிசாவளை - கித்துல்கலை - கினிகத்தேனை வழியான ஏ7 வீதி. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 170 கிலோமீற்றர். பிள்ளை இல்லாமல் ஐந்து மணித்தியாலம், பிள்ளையோடு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பளை, புசல்லாவை, றம்பொடைப் பக்கத்தவர்களுக்குக் கண்டி வீதியால் பேராதனை வந்து ஏ5 வீதி. இந்த வழியில் கடையும் கழிவறையும் அதிகம், வாகனமும் அதிகம். லபுக்கலையில் தேயிலை நிலையத்தின் பெரிய தரிப்பிடம் பிள்ளைக்கு நப்கின் மாற்ற வசதியானது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்காரர்கள் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏ4இல் வந்து பெரகலையில் திரும்புவார்கள். அது நீண்ட பாதை. 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால் நடுவே பலாங்கொடையிலோ பெலிஹுல்ஓயாவிலோ ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை மலையேறுவதைத்தான் சொல்வேன். செலவு கூடும்தான், ஆனால் பிள்ளையும் தாயும் ஊருக்குப் போகும்போது சிரித்த முகமாக இருப்பார்கள்.

நேரம் மிச்சம் என்று யாராவது குறுக்கு வீதி சொன்னால் கேட்காதீர்கள். நானுஓயா பக்கம் உள்ள ரதல்லைக் குறுக்கு வீதி செங்குத்தானது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். கூகுள் வரைபடம் தோட்டத்துப் பாதைக்குள் திருப்பிவிடுவதும் நடக்கும். பெரிய வீதியிலேயே போங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் ஆசனம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் "மடியில வச்சிக்கிட்டா போதும், நாங்க எல்லாம் அப்படித்தான வளந்தோம்" என்பார்கள். அன்பில் சொல்வது. ஆனால் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி திடீரென்று நின்றால், 7 கிலோப் பிள்ளை முன்னுக்கு இழுபடும் விசை பெரியவர்களின் கைப்பிடிக்குள் அடங்காது. தாயும் பெல்ட் போடாமல் இருந்தால், தாயின் உடம்பே பிள்ளையை நசுக்கும். தாயும் பிள்ளையும் ஒரே பெல்ட்டுக்குள் இருப்பது இன்னும் ஆபத்து. அதனால் கைக்குழந்தைக்கான கார் ஆசனம் ஒன்று வேண்டும். வாங்க முடியாவிட்டால் இரவல் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து, பிள்ளை வளர்ந்ததும் மூலையில் கிடக்கும் ஆசனங்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன.

பழைய ஆசனம் என்றால் மூன்றைப் பாருங்கள். ஏற்கெனவே விபத்தில் பட்டதா? அடியில் பொறித்த காலாவதித் திகதி தாண்டிவிட்டதா? பெல்ட்டும் பூட்டும் சரியாக இறுகுகின்றனவா? ஆர்44 அல்லது ஆர்129 என்ற தர எண் உள்ள செம்மஞ்சள் ஒட்டு இருந்தால் அது பரிசோதிக்கப்பட்ட ஆசனம்.

பொருத்தும் முறை: ஆசனம் பின் இருக்கையில், பிள்ளையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். 15 மாதம் வரையாவது இப்படித்தான். அதற்குப் பிறகும் ஆசனம் இடம் கொடுக்கும் வரை இப்படியே வைத்திருப்பது நல்லது. முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால் அங்கே பின்நோக்கிய ஆசனத்தை வைக்கவே கூடாது. அது விரியும் வேகம் பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும். சின்னப் பிள்ளைக்கு ஆசனம் ஏறக்குறைய 45 பாகை சாய்வில் இருந்தால் தலை முன்னுக்குச் சரியாது. தலை சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் நெருங்கிவிடும், அதைத்தான் பயப்பட வேண்டும். பொருத்தியதும் அடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. பிள்ளையின் தோள் பட்டி தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். காறையெலும்புக்கு மேல் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பஞ்சு அடைத்த ஜக்கெட், தடித்த கம்பளிச் சட்டையின் மேல் பட்டியைப் பூட்டாதீர்கள். பட்டி இறுகியது போலத் தெரியும், மோதலில் பஞ்சு அமுங்கிப் பிள்ளை வழுகிவிடும். மெல்லிய உடுப்போடு பூட்டி, குளிர்ந்தால் மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

வாடகை வேன் பேசும்போதே கேட்க வேண்டியது: பின் இருக்கையில் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? பல வேன்களில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. முதல் நாளே வண்டியை வரச் சொல்லி ஆசனத்தைப் பொருத்திப் பாருங்கள். பிரேக், டயர், மிஸ்ட் லைட், வைப்பர் எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம். இன்னொன்று, பின் கண்ணாடிக்குக் கீழே வெந்நீர்ப் பிளாஸ்கும் பழக்கூடையும் வைப்பதை விடுங்கள். சடாரென்று பிரேக் பிடித்தால் அவை பறந்து வந்து பிள்ளையில்தான் விழும். கனமான எதுவும் கால் மிதிக்கும் தரையில் இருக்கட்டும்.

பை கட்டுவது

எல்லாவற்றையும் அள்ளிப் போடாமல் இரண்டு பையாகப் பிரித்துக் கட்டுங்கள். ஊரில் திறக்க வேண்டியது ஒன்று, அதை டிக்கியில் போடலாம். வழியில் தேவையானது இன்னொன்று, அது உங்கள் காலடியில் இருக்க வேண்டும். வழிப்பையில் மணித்தியாலத்துக்கு ஒரு பெம்பர்ஸ் கணக்கில் போட்டு அதோடு மூன்று நான்கு கூடுதலாக வையுங்கள். பாதை மறித்துக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும். ஈரத் துணி, றப்பர் ஷீட், இரண்டு மூன்று மாற்றுடுப்பு, தாய்க்கு ஒரு மேல்சட்டை (வாந்தி தாயின் மேல்தான் விழும்), அழுக்குத் துணிக்குப் பொலித்தீன் பைகள், குல்லா, காலுறை, மெல்லிய போர்வை, வெப்பமானி, பிள்ளையின் கிளினிக் புத்தகம்.

ஊர்ப்பையில் துணி நப்கினை நம்பிப் போகாதீர்கள். கொழும்பில் இரண்டு மணித்தியாலத்தில் காயும் துணி, மிஸ்ட் இறங்கும் லயத்து வாசலில் இரண்டு நாள் கிடந்தாலும் ஈரமாகவே இருக்கும். உடுப்பும் வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு வேண்டும்.

பால், சாப்பாடு

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை என்றால் பாதி வேலை குறைவு. 6 மாதம் வரை வழியில் சுடுதண்ணீர், குளுக்கோஸ் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. வெயில் நேரத்தில் இன்னும் ஒரு தரம் பால் கொடுத்தால் போதும். தாய் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது. வழியில் கழிவறை இல்லையே என்று பல தாய்மார் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதை அனுமதிக்காதீர்கள். கழிவறை இருக்கும் இடத்தைத் தேடி நிறுத்துவது கூட வருபவர்களின் பொறுப்பு.

ஓடும் வண்டியில் பிள்ளையை ஆசனத்திலிருந்து எடுத்துப் பால் கொடுக்க வேண்டாம். அழுதாலும் பாதுகாப்பான இடம் வரும்வரை பேசிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நிறுத்தி, எடுத்து, கொடுத்து, ஏப்பம் எடுக்க வைத்து, ஒரு இருபது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருந்துவிட்டுப் பூட்டுங்கள். வளைவுப் பாதையில் வயிறு நிறையக் குடித்த பிள்ளை கக்கத்தான் செய்யும், எனவே மலைப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது நல்லது.

பீய்ச்சி எடுத்த பால் 25 பாகைக்கு உட்பட்ட சூட்டில் நான்கு மணித்தியாலம் வரை இருக்கும். கொழும்புச் சூட்டில் அதை நம்ப வேண்டாம். ஐஸ் பொதி வைத்த குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் தாங்கும். மாப்பால் என்றால் கரைத்து எடுத்துப் போகாதீர்கள். கழுவி அவித்த போத்தல்கள், அளந்து வைத்த தூள், நல்ல பிளாஸ்கில் வெந்நீர் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்து, வேண்டும்போது கரையுங்கள். தூளில் உள்ள கிருமி சாக வேண்டுமானால் தண்ணீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது; கரைத்த பிறகு போத்தலை ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மீந்த பாலை ஊற்றிவிடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், நன்றாகத் தளதளவென்று சில நிமிடம் கொதிக்க விடுங்கள்.

6 மாதம் தாண்டிய பிள்ளைக்கு வாழைப்பழமும் வீட்டில் அவித்து மசித்த உருளைக்கிழங்கும் வழிச்சாப்பாட்டுக்குச் சுலபம். வழிக்கடை வடையைக் கிள்ளி வாயில் வைக்கும் ஆசை மாமாமாருக்கு வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது.

கிளம்பும் நாள்

ஏ7 வழியை வைத்துச் சொல்கிறேன், மற்றப் பாதைக்கும் இதே கணக்குத்தான்.

அதிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அமர்க்களம் பண்ண வேண்டாம். பால் கொடுத்து, நப்கின் மாற்றி, அரைத்தூக்கத்தில் ஆசனத்தில் வைத்தால் தூங்கிவிடும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதும் கற்பூரம் காட்டுவதும் பிள்ளை ஏறுவதற்கு முன்பே முடியட்டும்.

கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆசனத்தில் வைத்திருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரை மணித்தியாலம்தான். இந்தக் கணக்கில் முதல் நிறுத்தம் அவிசாவளையைச் சுற்றி, ஆறு மணியளவில். பிள்ளை தூங்கினாலும் நிறுத்துங்கள். பாதி அப்பாக்களுக்கு "தூங்குதே, இன்னும் கொஞ்சம் போவோமே" என்று தோன்றும், அந்த இடத்தில் தாய் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிள்ளையை எடுத்து, மல்லாத்திப் படுக்க வைத்து, கை காலை நீட்ட விட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் கிளம்பலாம்.

இரண்டாவது நிறுத்தம் யட்டியாந்தோட்டை தாண்டி கித்துல்கலையில். அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கும், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். முழுப் பால் இங்கே. குடித்த பிறகு இறக்கி வைத்து விளையாட விடுங்கள், பெரியவர்களும் சாப்பிடட்டும். மழை நாளில் புல்லில் றப்பர் ஷீட் விரிக்க வேண்டாம், அட்டை ஏறும். இங்கிருந்து கிளம்பும்போது பிள்ளைக்கு ஒரு உடுப்புக் கூடுதலாகப் போடுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குறையும். கினிகத்தேனையில் ஏசியை நிறுத்தலாம், வட்டவளை வரும்போது குல்லா தேவைப்படும்.

மூன்றாவது ஹட்டன். இங்கே பெற்றோல் செட், பாமசி எல்லாம் உண்டு. நுவரெலியா வரை போகிறவர்கள் நான்காவது நிறுத்தத்தை தலவாக்கலையில் வைக்கலாம். வழியில் டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கும் இடங்களிலும் நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் வளைவிலோ, மண் திட்டின் அடியிலோ, மழையில் கல் உருண்டு கிடக்கும் இடத்திலோ பிள்ளை எவ்வளவு அழுதாலும் நிறுத்தாதீர்கள். வண்டியைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தனியே விட்டு இறங்கவும் கூடாது, டீ வாங்கும் இரண்டு நிமிடத்துக்கும்.

ஓட்டுநருக்கு இரண்டு வார்த்தை. இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கீழ் கியரில் இறங்குங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். புகை கக்கும் லொறியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாமல் இடைவெளி விடுங்கள், அந்தப் புகை முழுக்கப் பிள்ளையின் மூச்சில்தான் போகும். வாடகை டிரைவரிடம் ஏறும்போதே பணிவாகச் சொல்லிவிடலாம்: "அண்ணே, கைப்புள்ள இருக்கு, நேரமானா பரவாயில்ல, வளைவுல மெதுவா போங்க." பெரும்பாலும் அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், கேட்பார்கள்.

காது, வாந்தி, அழுகை

மலை ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் நமக்குக் காது அடைக்கிறது, எச்சில் விழுங்கினால் திறக்கிறது. பிள்ளைக்கும் அதேதான், ஆனால் விழுங்க வேண்டும் என்று தெரியாது. சூப்பி பழகிய பிள்ளைக்கு ஏற்றத்தில் அதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் கழுவிய விரலைச் சூப்பக் கொடுங்கள். அழுதாலும் காது திறக்கும், பயப்பட வேண்டாம். சளியால் காதுக்குழாய் அடைத்திருந்தால்தான் வலி கூடும், அதனால்தான் முன்பு அப்படிச் சொன்னேன்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வளைவுப் பாதையில் தலைசுற்றல் வருவது அரிது. பிள்ளை கக்கினால் பெரும்பாலும் பால் அதிகமானதுதான் காரணம். வாந்தி வருவது பக்கத்தில் குனிந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டு வரும் தாய்க்குத்தான். அவருக்கு இடைக்கிடை முன்னால் வீதியைப் பார்க்க நேரம் கொடுங்கள், பக்கத்தில் இன்னொருவர் பிள்ளையைக் கவனிக்கட்டும். பெரியவர்களின் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள்.

அழுகைக்கு மருந்து பெரும்பாலும் நிறுத்தம்தான். பசி, ஈரம், சூடு, குளிர், பட்டி அழுத்துதல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்கழுத்தைத் தொட்டால் சூடா குளிரா என்று தெரியும். கையும் காலும் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு

எல்லாரிடமும் கார் இல்லை, வேன் வாடகையும் கொஞ்சமில்லை. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால் அதிகாலைப் பஸ்ஸைப் பிடித்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள ஆசனத்தில் உட்காருங்கள். ஆட்டம் அங்கே குறைவு. கதவோரமும் கடைசி வரிசையும் வேண்டாம். பிள்ளையை உடம்போடு கட்டும் பையிலோ சேலைத் தூளியிலோ நெஞ்சோடு அணைத்து, முகமும் மூக்கும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி, நாடி நெஞ்சில் முட்டாதபடி வையுங்கள். பயணத்தை இரண்டாக உடைப்பது இவர்களுக்குத்தான் அதிகம் உதவும்: ஹட்டன் வரை ஒரு பஸ், இறங்கி ஒரு மணித்தியாலம் ஓய்வு, பிறகு அடுத்த பஸ். ஆட்டோவை நகரத்திலிருந்து தோட்டம் வரையான கடைசித் துண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் உடம்புக்கு ஏதும் ஆனால்

1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அழைக்கும்போது பக்கத்தில் உள்ள கிலோமீற்றர் கல்லையோ கடைப் பெயரையோ சொல்லத் தயாராக இருங்கள். ஏ7 வழியில் அவிசாவளை, டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளை நினைவில் வையுங்கள். இடையில் கொட்டகலை, லிந்துலைப் பிரதேச வைத்தியசாலைகளும் உண்டு. கண்டி வழியில் பேராதனையில் சிறுவர்களுக்கே உரிய சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது.

பிள்ளை துவண்டு கிடந்தால், எழுப்ப முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சு விட்டால், ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாவிட்டால், உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தால் ஊர் பக்கத்தில்தானே என்று பார்க்காமல் அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள். பரசிட்டமோல் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, கிளம்புவதற்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டெங்கு உள்ள நாடு நம்முடையது, ஐபுபுரோபன் போன்ற மருந்தைச் சொந்த முடிவில் கொடுக்க வேண்டாம்.

ஊரில் முதல் இரவு

வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு எல்லாரும் பிள்ளையை வாங்கப் பார்ப்பார்கள். கை கழுவிவிட்டு வாங்கச் சொல்லுங்கள், சளி இருப்பவர்கள் முத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் மருமகள் அல்லர், அந்த வீட்டுப் பிள்ளைதான். "அம்மா, டாக்டர் சொல்லி அனுப்பிச்சாரு" என்று மகன் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. ரத்தகல்கய என்ற நாட்டு மருந்தும் வசம்பும் கொடுக்க அப்பாயி ஆசைப்படுவார். 6 மாதம் ஆகாத பிள்ளைக்குப் பால் மட்டும்தான் என்று அன்பாக மறுத்துவிடுங்கள். பொட்டு வைக்கட்டும், அது கன்னத்திலோ உள்ளங்காலிலோ இருக்கட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம்.

இரவுக் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துக் கதவை மூடிப் படுப்பது உயிராபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். சாம்பிராணிப் புகையும் பிள்ளை உள்ள அறையில் வேண்டாம். மெல்லிய உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள்: நாம் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்குக் கூட. படுக்கையைச் சுடுநீர்ப் போத்தலால் சூடாக்கி, போத்தலை எடுத்துவிட்டுப் பிறகு பிள்ளையை மல்லாத்திப் படுக்க வையுங்கள். கனத்த கம்பளி முகத்தில் ஏறாமல், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இடுக்கு இல்லாமல் பாருங்கள். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுவது நல்லது. குளிப்பாட்டுவது பகல் பதினொரு மணிக்குப் பிறகு, வெயில் இருந்தால் மட்டும். முதல் நாள் வெந்நீரில் துடைத்துவிட்டால் போதும்.

திரும்பும்போது

குறைந்தது இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்புங்கள், மறுநாளே திருப்பினால் பிள்ளை சோர்ந்துவிடும். திரும்பும் வழியில் இறக்கம் முதலில் வருகிறது. விடிந்து, மிஸ்ட் விலகிய பிறகு கிளம்பி, கித்துல்கலை வரை நிதானமாக இறங்குங்கள். இறக்கத்தில்தான் காது அதிகம் அடைக்கும், அதனால் விழித்திருக்கும் நேரத்தில் இறங்குவது நல்லது. பிரேக்கிலிருந்து கருகிய மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கினிகத்தேனைக்குக் கீழே வரும்போது உடுப்பை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். அப்பாயி கிளம்பும் நேரத்தில் ஆசையாகப் போட்டுவிட்ட கம்பளிச் சட்டையை, வாசலைத் தாண்டியதும் கழற்றிவிட்டு, பட்டியை மறுபடி கிள்ளிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.